மூடுபனியில் ஒரு விளக்கு

விமானம் வானில் எழுவதைக் கண்டு வியப்போர் பலர். எனக்கோ, அது தரையில் இறங்குவதே பெருவியப்பாகத் தோன்றும். மார்கழி, தை மாதங்களில் தில்லிக்குச் செல்லும்போது இவ்வெண்ணம் மேலும் வலுப்பெறும். சன்னலுக்கு வெளியே வெண்மையன்றி வேறொன்றும் தெரியாது. அவ்வெண்மைக்குள் எங்கோ மறைந்திருக்கும் ஓடுபாதையை நம்பி நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் இறங்குகின்றன.

மூடுபனி என்பது யாது? காற்றில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகளின் கூட்டமே அது. அத்துளிகள் ஒளியை நாற்புறமும் சிதறடிக்கின்றன. பகலில் கதிரவன் ஒளியும் அவ்வாறே சிதறி வெண்திரையாகப் படர்கின்றது. ஓடுபாதை விளக்குகளின் ஒளி அத்திரையில் கரைந்துவிடுகின்றது.

இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் இத்திரையை நெருப்பால் விலக்கினர். ஓடுபாதையின் இருமருங்கும் குழாய்கள் அமைத்துப் பெட்ரோலை எரித்தனர். வெப்பத்தால் பனி கலைந்தது. 1943 முதல் 1945 வரை ஏறத்தாழ 2,500 விமானங்கள் இம்முறையால் தரையிறங்கின. உயிர்கள் பிழைத்தன, ஆயினும் செலவு மிகப் பெரிது.

இன்று வானொலி அலைகள் விமானிக்கு வழிகாட்டுகின்றன. எனினும், அம்முறையின் முதல் வகையில், ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்திற்கு வருமுன் ஓடுபாதையையோ அதன் விளக்குகளையோ விமானி கண்ணால் காணுதல் வேண்டும். காணாவிடின் மீண்டும் மேலெழ வேண்டியதுதான்.

இவ்விடர் தீர்க்க அறிஞர் சிலர் புற ஊதாக் கதிரை நாடினர். கதிரவனிடமிருந்து வரும் இக்கதிர்களுள், 280 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுடையவற்றை வளிமண்டலத்திலுள்ள ஓசோன் தரைக்கு வரவொட்டாமல் தடுத்துவிடுகின்றது. ஆகவே, அவற்றை மட்டும் உணரும் கருவிக்கு நண்பகலும் நள்ளிரவே! ஓடுபாதையின் ஓரத்தில் அத்தகைய கதிர் வீசும் விளக்கை வைத்தால், இருட்டறையில் ஏற்றிய அகல்போல அது அக்கருவிக்குப் புலப்படும். மூடுபனி இக்கதிர்களையும் சிதறடிக்கும். தொலைவு மிகுந்தால் அவை மங்கும். ஆயினும், எதிர்த்து நிற்கும் பேரொளி இல்லாமையால், வந்து சேரும் சிறிதளவையும் கருவி உணர்ந்துகொள்ளும். கண்ணுக்கும் தோலுக்கும் இக்கதிர்கள் தீங்கு தருவன. ஆதலின் மிகுந்த காப்புடன் அவற்றைக் கையாளுதல் வேண்டும்.

பகலில் விண்மீன் தெரியாமை விண்மீனின் குறையன்று. சூழ்ந்துள்ள ஒளியின் மிகுதியே அதற்குக் காரணம். விளக்கு தெரியவில்லையெனில் அதனைப் பெரிதாக்க முயல்வதே நம் இயல்பு. சூழ்ந்துள்ள ஒளி எங்கே இல்லை என்று தேடிச் சென்றவரின் அறிவுத்திறனை நான் பெரிதும் போற்றுகின்றேன்.