மார்க் குறைந்தவனுக்கு மட்டுமா தொழிற்கல்வி?



பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தால் எங்கள் அனகாபுத்தூரில் ஒரு கேள்வி என்னைத் தேடி வரும். "சார், மார்க் கம்மி. வொகேஷனல் குரூப்தான் கிடைக்குமாம். பையன் வாழ்க்கை போச்சா?"

போகவில்லை அம்மா. 1978-இல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்தபோதே தொழிற்கல்விப் பிரிவும் வந்துவிட்டது. அடிப்படை இயந்திரவியல், அடிப்படை மின் பொறியியல் எல்லாம் அதில் உண்டு.

தசமப் பின்னத்தை நான் கரும்பலகையில் நடத்தினேன். அங்கே பிள்ளை வெர்னியர் காலிப்பரைப் பிடித்து 0.02 மில்லிமீட்டர் வரை தானே அளக்கிறான். அரத்தால் கொஞ்சம் கூடுதலாக ராவிவிட்டால் துண்டு பொருந்தாது. முப்பத்தைந்து மார்க் போதும் என்று இரும்பிடம் சொல்ல முடியாது.

நம் ஊர் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது தெரியும். பாவில் ஓர் இழை அறுந்தாலும் துணி காட்டிக்கொடுத்துவிடும்.

மேற்படிப்புக்கும் வழி இருக்கிறது. உரிய பாடம் படித்திருந்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். பொறியியல் கலந்தாய்விலும் தொழிற்கல்வி மாணவர்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு.

என் வேண்டுகோள் இதுதான். "மக்குப் பசங்க குரூப்" என்று பிள்ளை காதுபடச் சொல்லாதீர்கள். வீட்டில் மிக்சியைக் கழற்றிப் பார்க்கும் பிள்ளை நல்ல மார்க் வாங்கியிருந்தாலும், பெண் பிள்ளையாக இருந்தாலும், விருப்பம் கேட்டுச் சேருங்கள். சேர ஆளில்லை என்றால் அந்தப் பட்டறைக்குப் பூட்டுதான் விழும்.