பாக்கெட்டில் ஒரு குப்பி

தில்லியில் தீபாவளிப் புகை அடங்குவதற்குள் பனி வந்துவிடும், பின்னாலேயே ஜலதோஷமும். அதற்கு வைத்தியம் சொல்லாத ஆளை எங்கள் ராமகிருஷ்ணபுரம் குடியிருப்பில் நான் பார்த்ததில்லை. கீழ்வீட்டுப் பஞ்சாபி அம்மாள் கடலை மாவை நெய்யில் வறுத்து, பாலும் வெல்லமும் சேர்த்து 'சீரா' காய்ச்சித் தருவார். எதிர்வீட்டுப் பெரியவருக்கு யுனானிக் கடை ஜோஷாந்தாதான் வேதம். கும்பகோணத்திலிருந்து வரும் என் அம்மாவுக்கோ மிளகு ரசமும் சுக்குக் கஷாயமும். சூடாக ஏதாவது உள்ளே போனால் தொண்டைக்கு இதம், சளி இளகும் என்பதில் மூவருக்கும் சண்டையில்லை.

என் கணவருக்குத்தான் பொறுமை இல்லை. சில நிமிடங்களில் மூக்கைத் திறக்கும் சொட்டு மருந்துதான் அவருக்கு வேண்டும். ஒரு டிசம்பரில் வாங்க ஆரம்பித்தார். ஹோலி வந்தது, வெயில் வந்தது, ஜலதோஷம் எப்போதோ போயிருந்தது. மூக்கடைப்பு மட்டும் போகவில்லை. ஆபீஸ் கிளம்பும்போது பர்ஸ், கண்ணாடி, குப்பி மூன்றையும் தொட்டுப் பார்த்துக்கொள்வார். சென்னைக்குப் போகும் வழியில் குப்பி தீர்ந்துபோக, நாக்பூரில் இறங்கி மருந்துக்கடை தேடி ஓடினார். ரயில் நகர்ந்த பிறகுதான் கடைசிப் பெட்டியில் தொற்றிக்கொண்டார். ரத்தக்கொதிப்புக்காரர் வேறு.

காது மூக்கு தொண்டை மருத்துவர் முதலில் கேட்டது ஒரே கேள்வி: "எத்தனை நாளாகப் போடுகிறீர்கள்?" அப்புறம் விளக்கினார். மூக்கை அடைப்பது சளி மட்டுமல்ல. உள்சவ்வின் ரத்தக் குழாய்கள் விரிந்து சவ்வு வீங்குவதே முக்கியக் காரணம். ஆக்ஸிமெடாசொலின், சைலோமெடாசொலின் போன்றவை அந்தக் குழாய்களைச் சுருக்குகின்றன. மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள் போடலாம். அதற்கு மேல் போனால், மருந்தின் வேகம் தணிந்ததும் சவ்வு மறுபடி வீங்குகிறது. வீக்கத்துக்கு மருந்து, மருந்தால் வீக்கம். ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாதாம்.

முதலில் ஒரு பக்க மூக்கில் நிறுத்தச் சொன்னார். அது திறந்த பிறகு மறுபக்கம். கூடவே வேறொரு ஸ்பிரே. பத்து ராத்திரி தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே தூங்கினார். படுத்தால் ரத்தம் தேங்கி அடைப்பு கூடும். மூன்றாவது வாரம் குப்பி குப்பைக்குப் போனது.

இப்போது எங்கள் வீட்டு மருந்து உப்புத் தண்ணீர். கொதித்து ஆறிய ஒரு டம்ளர் தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு. தொண்டைக்குக் கொப்பளிக்கலாம், மூக்கில் சில சொட்டு விடலாம். குழாய்த் தண்ணீரை அப்படியே மூக்கில் விடக்கூடாது. தைலம் தடவினால் மூச்சு சீராவதுபோல் தோன்றும். மெந்தாலின் குளிர்ச்சி தரும் உணர்வு அது, வீக்கம் குறைவதில்லை. ஆவி பிடிப்பது பெரியவர்களுக்கு இதம். ஆனால் கொதிக்கும் பாத்திரத்தின் அருகே குழந்தையை உட்கார வைக்காதீர்கள், கவிழ்ந்தால் வெந்துவிடும். கடையில் கேட்டதும் கிடைக்கும் ஜலதோஷ மருந்துகளும் குழந்தைகளுக்கு ஆகாது. குளோர்பெனிரமின், பினைலெப்ரின் கலந்த மருந்தை நான்கு வயதுக்குக் கீழே தரக்கூடாது என்று 2023-இல் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே உத்தரவிட்டது.

சாதாரண ஜலதோஷம் ஏழு முதல் பத்து நாளில் தானே போய்விடும். மூச்சு வாங்கினாலோ காய்ச்சல் நீடித்தாலோ மருத்துவரிடம் போங்கள். மற்றபடி, ரசம் கொதிக்கட்டும்.