முன்பணமும் பங்கும்

ஐப்பசி பிறந்துவிட்டால் நம் மரக்காணம் உப்பளங்களில் வேலை கிடையாது. பாத்தியெல்லாம் மழைத் தண்ணீர் நிற்கும். தை வரைக்கும் வீட்டில் உலை கொதிக்க, அளத்து முதலாளியிடம் முன்பணம் வாங்குவார்கள். வாங்கிவிட்டால் அடுத்த பருவம் அவர் அளத்தில்தான் உப்பு வார வேண்டும். பக்கத்து அளத்தில் கூலி கூடுதல் என்றாலும் போக முடியாது.

போன மாதம் வந்த என் தங்கை மகன் சொன்னதைக் கேட்டபோது இந்த ஞாபகம்தான் வந்தது. சென்னையில் மென்பொருள் கம்பெனியில் இருக்கிறான். "மாமா, வேற கம்பெனியில கூப்பிடறாங்க. மாசம் நாற்பதாயிரம் அதிகம். ஆனா இங்க என் பங்கு பாதி மாட்டிக்கிட்டிருக்கு" என்றான்.

விஷயம் இதுதான். வேலையில் சேரும்போது சம்பளத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, கம்பெனிப் பங்குகளை ஒரு குறிப்பிட்ட விலைக்கு வாங்கும் உரிமையைத் தருகிறார்கள். இவனுக்கு 10,000 பங்கு, ஒன்று 50 ரூபாய். முதல் வருடம் முழுதாக முடிந்தால்தான் நாலில் ஒரு பாகம். பதினோராம் மாதம் கிளம்பினால் பூஜ்யம். மீதி மாதாமாதம் சேர்ந்து நாலு வருடத்தில் நிறையும். இரண்டு வருடம் ஆன இவனுக்கு 5,000 சேர்ந்திருக்கிறது.

"அதை எடுத்துக்கிட்டுப் போயேன்டா" என்றேன். வேலையை விட்டால் மூன்று மாதத்துக்குள் 2.5 லட்சம் கட்டி வாங்கிவிட வேண்டுமாம். பங்கின் இன்றைய மதிப்பு 400 ரூபாய் என்பது கம்பெனியின் கணக்கு. இடையிலுள்ள 350 ரூபாயை வருமான வரிக்காரர்கள் சம்பளமாகவே எடுத்துக்கொள்வார்கள். 17.5 லட்சத்துக்கு 30 சதவீதம் என்றால் 5.25 லட்சம் வரி. ஆக 7.75 லட்சம் கையைவிட்டுப் போகும். கம்பெனி இன்னும் பங்குச் சந்தைக்கு வரவில்லை, விற்கவும் முடியாது!

இதில் ஜெயித்தவர்கள் இல்லாமல் இல்லை. சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தைக்குப் போனபோது, அதன் ஊழியர்களில் 500 பேருக்கு மேல் கோடீஸ்வரர் ஆனார்கள். சுமார் 70 பேர் முப்பது வயதுகூட ஆகாதவர்கள். பேப்பரில் படித்து நானே வாயைப் பிளந்தேன். 36 டாலருக்கு வெளியிட்ட பங்கு முதல் நாளே 47ஐத் தாண்டியது. அடுத்த வருடம் 20க்கும் கீழே இறங்கியது. உப்பு விலை மாதிரிதான். ஆனால் உப்பு விலை விழுந்தால் முன்பணம் கொடுத்தவருக்கு நஷ்டம், பங்கு விழுந்தால் உழைத்தவனுக்கு.

(நாங்கள் மட்டும் என்ன? பத்து வருட சர்வீஸ் இல்லாமல் பென்ஷன் இல்லை என்று சொல்லித்தானே தபால் இலாகாவில் எங்களையும் உட்கார வைத்தார்கள். ஆனால் அந்தத் தொகை எவ்வளவு என்று முன்கூட்டியே கணக்குப் போட முடிந்தது.)

மைத்துனருக்கு வாரம் இரண்டு தடவை பாண்டிச்சேரியில் டயாலிசிஸ். கார் வாடகை, மருந்து என்று எல்லாம் ரொக்கம். நாலாம் வருடம் வரப்போகிற பங்கைக் காட்டி ஊசி வாங்க முடியாது. இதைத்தான் அவனிடம் சொன்னேன். ஒரு நாள் விட்டுவிட்டு வந்த பணம் ஒரேயடியாக வந்தால் வீட்டுக் கடன் தீருமே என்பது தங்கையின் ஆசை. அதையும் தப்பென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நேற்று ராத்திரி போன் செய்தான். புதுக் கம்பெனியும் பங்கு தருகிறதாம், திரும்பவும் ஒன்றிலிருந்து நாலு வருடம். "அதுக்குப் பதிலா சம்பளத்துல சேர்த்துக் கேளுடா" என்றேன். கேட்டிருக்கிறானாம். வெள்ளிக்கிழமை பதில் சொல்வார்கள்.