வாளும் மேலாடையும்

பழம்பொருள் சேர்ப்போர் பலவகையினர். நாணயம் சேர்ப்போர் உளர். அஞ்சல்தலை சேர்ப்போர் உளர். ஐரோப்பியக் குதிரைப்படையினர் ஏந்திய பழைய வாள்களைத் தேடிச் சேர்ப்போரும் உலகின் பல நாடுகளில் உளர். ரிஷிவந்தியத்தில் வாழும் நமக்கும் அவ்வாள்களில் நெடுநாளைய ஈடுபாடு உண்டு. ஆயினும் நாம் சேர்ப்பவை வாள்கள் அல்ல. வாள்களைப் பற்றிய குறிப்புகளே. சென்னைக்குச் செல்லும்போதெல்லாம் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலும் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்திலும் நின்று, பார்த்தவற்றைக் குறிப்பேட்டில் வரைந்து வருவது நம் வழக்கம்.

"சமாதானத்தின் அரசரை வணங்கும் குடும்பத்தில் வாளுக்கு என்ன வேலை?" என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. அதற்கு விடை காணவே இக்கட்டுரை.

அயல்நாட்டு வாள் நம் மண்ணுக்குப் புதியதன்று. ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த அலகுக்கு நம் நாட்டுக் கைப்பிடி பொருத்திய வாளுக்குப் 'பிரங்கி' என்றே பெயர். பறங்கியர் என்னும் சொல்லின் உறவு அது. தஞ்சை அரண்மனையிலிருந்து எழும்பூருக்கு வந்த படைக்கலங்களுள் இத்தகைய வாள்களைக் காணலாம். நமக்கு அண்மையிலுள்ள தியாகதுருகம் மலைக்கோட்டைக்காகவும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் போரிட்டனர். 1760இல் பிரெஞ்சுத் தளபதி லாலி, மைசூர்ப் படையின் உதவிக்கு ஈடாக அக்கோட்டையை விட்டுக்கொடுத்தார். 1761இன் தொடக்கத்தில் அது ஆங்கிலேயர் வசமாயிற்று.

வாளுக்குரிய எஃகும் நமக்கு அயலானதன்று. நம் வட்டாரத்து மேல்சிறுவள்ளூரில், மண்குகையில் இரும்பை உருக்கி உயர்ந்த எஃகு செய்த பழைய உலைக்களத்தின் எச்சங்களை ஆய்வாளர் சாரதா சீனிவாசன் கண்டறிந்து, 1994இல் உலகுக்கு அறிவித்தார். உடைந்த மண்குகைகளும் இரும்புக் கசடும் அவ்வூர் மக்களின் உழைப்புக்குச் சான்று. இரும்பின்மேல் குற்றமில்லை. அதே இரும்பு கொழுவாகி நிலத்தையும் உழும். வாளாகிக் கழுத்தையும் அறுக்கும்.

வாள் சேர்ப்போர் மிகவும் விரும்புவது 1796ஆம் ஆண்டு வகையைச் சேர்ந்த ஆங்கிலேய இலகு குதிரைப்படை வாள். லெ மார்ச்சண்ட் என்னும் படை அதிகாரி அதனை வடிவமைத்தார். அலகு ஏறக்குறைய 33 அங்குல நீளம். பிறைபோல் வளைந்து, முனையை நெருங்க நெருங்க அகன்று செல்லும். விரல்களைக் காக்க ஒரே ஒரு வளைந்த கம்பி. அலகின் முதுகில் செய்தவரின் பெயர் சிறு எழுத்துகளில் பொறிக்கப்பட்டிருப்பதுண்டு. அதன் அழகையும் சமநிலையையும் வியந்து எழுதப்பட்டவை ஏராளம்.

ஆனால் அந்த அழகிய வளைவு எதற்காக? குதிரையின் வேகத்தோடு வீசும்போது ஆழமாக வெட்டுவதற்காகவே. 1806 ஜூலை 10ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். செய்தியறிந்த கில்லெஸ்பி, ஆர்க்காட்டிலிருந்து 19ஆம் இலகு குதிரைப்படையினருடன் ஏறக்குறைய 25 கிலோமீட்டர் விரைந்து வந்தார். அன்று மாண்ட சிப்பாய்கள் நூற்றுக்கணக்கானோர். சரணடைந்த நிலையில் சுவரருகே நிறுத்திச் சுடப்பட்டவரும் அவர்களுள் உண்டு. அதற்கு முன் விடியற்காலையில் உறக்கத்திலிருந்த ஐரோப்பிய வீரர் பலர் கொல்லப்பட்டதும் உண்மையே. லெ மார்ச்சண்ட் 1812இல் சலமாங்காப் போரில் குண்டுபட்டு இறந்தார். கில்லெஸ்பியும் 1814இல் டேராடூன் அருகே கலங்காக் கோட்டையின் முன் சுடப்பட்டு வீழ்ந்தார். கெத்செமனித் தோட்டத்தில் ஆண்டவர் பேதுருவுக்கு விடுத்த எச்சரிக்கை நம் நினைவுக்கு வருகிறது.

நம் ஈடுபாட்டை அறிந்த ஒரு குடும்பத்தினர், சில ஆண்டுகளுக்கு முன் தங்கள் வீட்டுப் பரணிலிருந்த வாளைப் பார்க்க நம்மை அழைத்தனர். பாகப்பிரிவினையில் நிலமும் கிணறும் பிரிந்துவிட்டன. வாள் யாருக்கு என்பதில் அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்தியிருந்தனர். "ஐயா, இதன் விலை எவ்வளவு இருக்கும்?" என்று மூத்தவர் கேட்டார். விலை கூறாமல், வேலூரின் கதையைக் கூறினோம். அவர்களுடைய வயது முதிர்ந்த தாயார் திண்ணையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். "இதுவரை அது யாரை வெட்டியதோ தெரியாது. இப்போது என் பிள்ளைகள் இருவரையும் வெட்டிப் பிரித்துவிட்டது, தம்பி" என்றார். எவரும் மறுமொழி கூறவில்லை. அருங்காட்சியகத்தில் ஒப்படைக்கலாம் என்ற நம் யோசனையை இருவரும் உடனே ஏற்கவில்லை. ஆயினும் அன்று இருவரும் ஒரே பாயில் அமர்ந்து காப்பி அருந்தினர். தாயாருக்கு அதுவே போதுமாயிருந்தது.

இத்தகைய வாள் எவர் வீட்டிலேனும் இருந்தால் சில செய்திகளை அறிந்திருத்தல் நலம். துருவை நீக்குவதாக எண்ணி மணற்காகிதத்தால் தேய்க்கலாகாது; எழுத்துகளும் அடையாளங்களும் அழிந்துபோகும். கூர் தீட்டுதலும் கூடாது. கை வியர்வை எஃகை அரிக்குமாதலால் துணியால் பிடித்து, மெல்லிய எண்ணெய் பூசி, ஈரமற்ற இடத்தில் வைத்தல் வேண்டும். நூறாண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருள்கள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்கு உட்படும். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப இயலாது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தையும் மறத்தலாகாது. ஆதலின் அதிகாரிகளைக் கேட்டறிந்து நடப்பதே முறை.

இவையெல்லாவற்றுக்கும் மேலாக, வாளோடு அதன் வரலாற்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தல் வேண்டும். வரலாறு நீங்கிய வாள் வெறும் பெருமையாகிவிடும்; பெருமை மீண்டும் ஒரு கையைத் தேடும்.

குதிரைப்படை வாள் ஒன்றைத் திருச்சபை பல நூற்றாண்டுகளாக நினைவில் வைத்திருக்கிறது. உரோமைப் படையில் குதிரைவீரராயிருந்த புனித மார்ட்டின், ஆமியேன் நகர வாயிலில் குளிரில் நடுங்கிய ஏழையைக் கண்டார். வாளை உருவினார், தம் மேலாடையை இரண்டாக வெட்டிப் பாதியை அவ்வேழைக்குப் போர்த்தினார். அந்த வாள் எங்கே என்று நாம் தேடுவதில்லை. அது செய்த செயலை நவம்பர் 11ஆம் நாள் தோறும் கொண்டாடுகிறோம். நம் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் நாம் எழுதிவைத்திருப்பது அந்த வாளைத்தான். நம் இல்லங்களிலும் கூர்மையானவை பல உள்ளன: நாவு, பணம், உரிமை, அதிகாரம். அவை உறவை வெட்டுகின்றனவா, ஆடையைப் பகிர்கின்றனவா என்று ஒவ்வொரு குடும்பமும் ஆராய்ந்து பார்ப்பதாக.