ஊர்ப் பெயருக்கு ஒரு விலை

எங்கள் ஊர்ப் பெயரில் டாட் காம் முகவரி ஒன்று பல ஆண்டுகளாக என் பொறுப்பில் இருக்கிறது. கோயில் திருவிழாத் தேதி, வாய்க்காலில் தண்ணீர் வரும் நாள், கல்யாணம், காரியம் எல்லாவற்றையும் அதில் போடுவோம். அதை விலைக்குக் கேட்டு ஒரு நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. தொடங்கவிருக்கும் அரிசி வணிகத்துக்கு எங்கள் ஊர்ப் பெயரையே வைக்கப் போகிறார்களாம். மரியாதையாக எழுதியிருந்தார்கள். சொன்ன தொகையும் சிறியதில்லை.

"வித்துடுடா" என்றார் சித்தப்பா. "அந்தப் பணத்துல பள்ளிக்கூடத்துக் கூரையை மாத்திடலாம். நீ வேற பேர்ல நடத்திக்க."

அதை என்னால் எளிதில் தள்ளிவிட முடியவில்லை. ஐப்பசி மழையில் அந்தக் கூரை எப்படி ஒழுகும் என்று எனக்குத் தெரியும்.

டொமைன் பெயரை யாரும் நிரந்தரமாக வாங்கிவிட முடியாது. கட்டணம் கட்டியிருக்கும் காலம்வரை பயன்படுத்தலாம். டாட் காம் என்றால் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்கு முன்கூட்டியே கட்டி வைக்கலாம். குத்தகை நிலம் மாதிரிதான். ஆனாலும் சட்டம் அதைப் பெறுமதியுள்ள ஒன்றாகவே பார்க்கிறது. டொமைன் பெயருக்கும் வணிகக்குறிக்கு உள்ளது போன்ற பாதுகாப்பு உண்டு என்று 2004இல் சத்யம் இன்ஃபோவே வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் சொன்னது.

பதில் எழுதும்போது விலையைப் பற்றி வாய் திறக்காதே என்று வழக்கறிஞர் நண்பர் எச்சரித்தார். டொமைன் பெயர்களை மேற்பார்க்கும் ஐகான் அமைப்பு 1999இல் கொண்டுவந்த விதிகளின்படி, வணிகக்குறி வைத்திருப்பவர் புகார் கொடுக்கலாம். பெயர் தன் குறியை ஒத்திருக்கிறது, வைத்திருப்பவருக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தில் பதிவு செய்து பயன்படுத்துகிறார் என்ற மூன்றையும் அவர் நிரூபித்தால் பெயர் கைமாறிவிடும். குறியின் உரிமையாளரிடமே லாபத்துக்கு விற்பதற்காகப் பதிவு செய்திருந்தால், அது கெட்ட எண்ணத்துக்குச் சான்று. எங்கள் விஷயத்தில் இந்தப் பயம் குறைவு. ஊர் அவர்களைவிட மிகவும் மூத்தது.

என்னைத் தடுத்தவை அஞ்சல்பெட்டிகள். சிங்கப்பூரிலும் மஸ்கட்டிலும் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் சிலர் ஊர்ப் பெயரில் முடியும் மின்னஞ்சல் முகவரியை ஆசையாகக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். வங்கிக் கணக்கிலும் காப்பீட்டிலும் பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பத்திலும் அதைத்தான் கொடுத்திருக்கிறார்கள். டொமைனை விற்றால் இந்த முகவரிகளும் சேர்ந்தே போய்விடும். வாங்கியவர் அதே பெயர்களில் பெட்டிகளைத் திறந்துகொண்டால் இவர்களுக்கு வரும் கடிதங்கள் அவரிடம் போய்ச் சேரும். கடவுச்சொல்லை மாற்றுவதற்கு வங்கி அனுப்பும் இணைப்பும் அதில் அடக்கம். வாங்குகிறவர்கள் நல்லவர்களாகவே இருக்கட்டும். நாளைக்கு அவர்கள் தொழிலை மூடி, கட்டணம் கட்டாமல் விட்டால் பெயர் யார் கைக்குப் போகும்? எல்லோரும் முகவரியை மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிவிடலாம்தான். எங்கெங்கே கொடுத்தோம் என்ற நினைவு யாருக்கு முழுதாக இருக்கும்?

பெயரை விடாத ஒருவர் நினைவுக்கு வந்தார். அமெரிக்காவில் வட கரோலினாவில் கணினி வணிகம் செய்த உசி நிசான் 1994இல் தன் குடும்பப் பெயரிலேயே நிசான் டாட் காமைப் பதிவு செய்தார். நிசான் கார் நிறுவனம் 1999இல் ஒரு கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. பல ஆண்டுகள் நடந்த வழக்கில் ஏராளமாகச் செலவழித்தும் அவர் பெயரை விடவில்லை. 2020இல் இறக்கும்வரை அது அவரிடமே இருந்தது. அவர் காத்தது அவருடைய சொந்தப் பெயர். என் கையில் இருப்பது ஊரின் பெயர். கட்டணம் நான் கட்டுகிறேன் என்பதற்காக அதை விற்கிற உரிமை எனக்கு வந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. நிசான் கார்கள் அமெரிக்காவில் நிசான்யுஎஸ்ஏ டாட் காம் என்ற முகவரியை வைத்துக்கொண்டே விற்றன. அரிசிக்காரர்களும் ஊர்ப் பெயரோடு ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டால் அவர்கள் வணிகம் நின்றுவிடாது. விற்பதற்கில்லை என்பதோடு அதையும் பதிலில் எழுதினேன்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. பதிவு என் ஒருவன் பெயரில் இருக்கும்வரை, எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் கட்டணம் கட்ட ஆளிருக்காது. அதை ஊர் நலச் சங்கத்தின் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்திருக்கிறேன். கூரைக்கான பணத்தை அந்த அஞ்சல்பெட்டிக்காரர்களிடமே கேட்கப் போகிறோம். சித்தப்பா கணக்கு எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.