இமாக்யுலட்டும் எங்க அத்தையும்

போன வாரம் இங்கிலீஷ் வகுப்பில் ஆளுக்கு ஒரு சீட்டு கொடுத்தார் மேடம். சீட்டில் ஒரு வார்த்தை இருக்கும். அதை வைத்து, தினசரி பேசுகிற மாதிரி மூணு வாக்கியம் எழுதிக்கொண்டு வரணும். பக்கத்தில் இருந்தவனுக்கு 'பிஸி' வந்தது. எனக்கு வந்தது 'இமாக்யுலட்'. நம்ம அதிர்ஷ்டம் எப்பவும் இப்படித்தான்.

முதல் அடி உச்சரிப்பிலேயே விழுந்தது. நான் 'இம்மாகுலேட்' என்று படிக்க, வகுப்பே சிரித்தது. அது 'லேட்' இல்லையாம், 'லட்'. 'பிரைவெட்', 'சாக்லெட்' மாதிரி கடைசியை விழுங்கிவிட வேண்டும். அழுத்தம் 'மாக்' மேல். நீங்களாவது தப்பித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினேன். துளி கறையும் இல்லாத, துளி பிசகும் இல்லாத என்று பொருள். லத்தீனில் 'மாகுலா' என்றால் கறை, புள்ளி. முன்னால் வரும் 'இம்' அதை இல்லை என்கிறது. விழித்திரையின் நடுவில் இருக்கும் மஞ்சள் புள்ளியைக் கண் டாக்டர்கள் 'மாகுலா' என்பார்களே, அதுவும் இதே சொல்தான். இன்னொரு ஆச்சரியம், இதே லத்தீன் சொல்லுக்கு வலையின் கண் என்றும் பொருள் உண்டு. தறிக்காரன் மகனுக்கு இது போதாதா, உற்சாகம் வந்துவிட்டது.

நம்ம ஊர் வார்த்தைகளும் இப்படித்தான் கட்டப்பட்டிருக்கின்றன. மலம் இல்லாதவன் அமலன். மாசு இல்லாத மணி மாசிலாமணி. கத்தோலிக்க வீடுகளில் அமலோற்பவம் என்று பெயர் வைப்பார்கள். மரியாள் கருவானபோதே ஜென்மப் பாவம் தொடாமல் இருந்தார் என்று 1854ல் போப் ஒன்பதாம் பயஸ் அறிவித்த கோட்பாட்டின் பெயர் அது. அதன் இங்கிலீஷ் பெயரில் இருப்பதும் நம்ம இமாக்யுலட்தான். எந்த மொழியானாலும் முதலில் கறையைச் சொல்லிவிட்டுத்தான், பிறகு அது இல்லை என்கிறோம்.

சரி, எங்கெல்லாம் போடலாம்? சலவைச் சட்டைக்குப் போடலாம். துடைத்து வைத்த சமையலறைக்குப் போடலாம். பழைய பைக்கை விற்கிறவர்கள் 'இமாக்யுலட் கண்டிஷன்' என்று விளம்பரத்தில் போடுகிறார்கள் (நம்ப வேண்டாம்!). ஆனால் ஆள் நடமாட்டம் இல்லாத காட்டுக்கும் கடற்கரைக்கும் 'ப்ரிஸ்டீன்' தான் பொருந்தும் என்றார் மேடம். ப்ரிஸ்டீன் என்றால் யார் கையும் படாதது. இமாக்யுலட்டுக்குப் பின்னால் பெரும்பாலும் யாரோ ஒருவர் கை இருக்கும். அந்தக் கைதான் கறை படாமல் பார்த்துக்கொள்ளும்.

இந்த வித்தியாசம் மனசில் நிற்க, நான் எழுதிய முதல் வாக்கியம், 'மை ஃபாதர் வீவ்ஸ் இமாக்யுலட் சில்க் சாரீஸ்.' மேடம் சத்தமாகப் படித்துக் காட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் வீடு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில். அன்று சாயங்காலம் அத்தை வந்திருந்தார். அப்பாவின் அக்கா. பெருமையாக வாக்கியத்தைச் சொல்லி, தமிழிலும் விளக்கினேன். அப்பா தறியில் இருந்தபடியே அத்தையைப் பார்த்தார். அத்தை சிரித்துவிட்டு, "கறையே இல்லாத சேலையா? என் கதையைக் கேளு" என்றார்.

அதற்கு முன்னால் கோர்வை என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று காஞ்சிப் பட்டு பார்த்திருப்பீர்கள். உடலின் நூல் கரைக்குள் போகக்கூடாது, கரையின் நூல் உடலுக்குள் வரக்கூடாது. ஆனால் இரண்டும் பிரிக்க முடியாதபடி சேரவும் வேண்டும். அதனால் மூன்று நாடா ஓடும். நெய்கிறவர் ஒரு பக்கம், அவருக்குத் துணையாக இன்னொருவர் மறுபக்கம். அந்த இன்னொருவர், பல காலம், இந்த ஊரில் ஒரு குழந்தை.

எங்கள் வீட்டில் அது அத்தை. எட்டு வயதில் தாத்தாவின் தறியில் உட்கார்ந்தார். பள்ளிக்கூடம் அதோடு முடிந்தது. ஒருநாள் யாரோ வரதராஜ பெருமாள் கோயில் இட்லி கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். மிளகு சீரகம் போட்டு, நெய் மணக்கிற இட்லி. தாத்தா எழுந்து வெளியே போன நேரத்தில் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டிருக்கிறார். பாவாடையில் கையைத் துடைத்துவிட்டுத் திரும்ப நாடாவைப் பிடித்தார். சந்தன நிறச் சேலை. கோர்வை ஓரத்தில் ஒரு விரல் அளவுக்கு நெய்க்கறை.

பட்டும் ஜரிகையும் முதலாளி கொடுத்தது, கூலி மட்டும்தான் நெய்கிறவருக்கு. கறையைப் பார்த்ததும் கூலியில் பாதியைப் பிடித்துவிட்டார்களாம். தாத்தா வீட்டுக்கு வந்து அத்தையை அடித்தார். அடித்துவிட்டு அவரே அழுதார் என்று அப்பா சொன்னார்.

"அப்புறம் அந்த இட்லி தொட்டதே இல்லடா" என்றார் அத்தை. எனக்குச் சட்டென்று ஒன்று புரிந்தது. அத்தை இன்றைக்கும் எதைத் தொடுவதற்கு முன்னும் இரண்டு தடவை கை கழுவுவார். நாங்கள் கேலி செய்திருக்கிறோம்.

1986ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதிலும் குடும்பமாக வீட்டில் செய்கிற வேலைக்கு விலக்கு இருந்தது. கல்வி உரிமைச் சட்டம் 2009ல் வந்தது. அத்தைக்கு இரண்டுமே லேட். (இங்கே 'லேட்' தான் சரி.) நான் கல்லூரியில் உட்கார்ந்து உச்சரிப்பு பழகுகிறேன். அத்தைக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும்.

"அந்தச் சேலையை யாராவது கட்டியிருப்பாங்களா அத்தை?" என்று கேட்டேன்.

"கட்டாம? கொசுவத்துக்குள்ள போயிருக்கும். யாருக்குத் தெரியப்போகுது?"

தாத்தா மேல் கோபப்பட எனக்கு வரவில்லை. பாதிக் கூலியில் அந்த மாசம் அடுப்பு எப்படி எரிந்திருக்கும் என்று தெரியவில்லை. ஆனால் கடைக் கண்ணாடிக்குள் விளக்கு வெளிச்சத்தில் தொங்குகிற பட்டைப் பார்க்கும்போது, இனிமேல் கோர்வை ஓரத்தில்தான் முதலில் என் கண் போகும்.

இன்னும் இரண்டு வாக்கியம் பாக்கி இருந்தது இல்லையா? ராத்திரி எழுதி முடித்தேன். மேடம் இதைச் சத்தமாகப் படிக்கவில்லை. கீழே ஒரு டிக் மட்டும் போட்டு, நோட்டைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டுக் கொடுத்தார்.

'த சாரி ஹேட் டு பி இமாக்யுலட். மை ஆன்ட் வாஸ் எய்ட்.'