மிருதன் பற்றி எங்க ஊர்ப் பேச்சு

"ட்ரெயின் டு பூசானை அப்படியே சுட்டுட்டாங்கப்பா." திருவேங்கடம் டீக்கடையில் மிருதன் பேச்சு வந்தாலே இந்த வசனமும் வந்துவிடும். தமிழ் ஜாம்பிப் படமான மிருதன் வந்தது 2016 பிப்ரவரியில். கொரிய ஜாம்பிப் படமான ட்ரெயின் டு பூசான் அங்கே தியேட்டருக்கு வந்ததே அதே வருஷம் ஜூலையில்தான். பிறகு எப்படிச் சுட முடியும்? இயக்குநர் சக்தி சௌந்தர் ராஜனுக்குச் சேர வேண்டிய பெயரை மனசாரக் கொடுப்போம்.

"ஊரே செத்துக்கிட்டு இருக்கு, ஹீரோவுக்குக் காதல் கேக்குதா?" என்ற குறையை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். ஜெயம் ரவி தங்கச்சிக்காக ஓடுகிற ஓட்டமே போதும்.

எங்க அத்தை தீப்பெட்டி ஆபீசில் பல வருஷம் வேலை பார்த்தவங்க. டிவியில் படம் ஓடும்போது ஜாம்பிக் கூட்டத்துக்கு அவங்க அசையவே இல்லை. ஆனால் ஆரம்பத்தில், கசிந்து கிடக்கிற ரசாயனக் கழிவை ஒரு நாய் நக்குமே, அங்கே பதறிட்டாங்க. "ஏலே, யாராவது அத வெரட்டுங்கலே!" குச்சி முனையில் பொட்டாசியம் குளோரேட், பெட்டி ஓரத்தில் சிவப்புப் பாஸ்பரஸ். மருந்தோடு பழகின கைக்கு அந்தக் காட்சி கதை இல்லை.

ஜாம்பிகள் தண்ணீரைக் கண்டு ஒதுங்குவதையும் பலர் கிண்டல் செய்தார்கள். வெறிநாய்க்கடி முற்றிய மனுஷன் தண்ணீரைக் கண்டு நடுங்குவது நிஜம். அதைக் கதைக்குள் பொருத்தியது எனக்கு ரொம்பப் பிடித்தது.

கடைசியில் நாயகனே மாறிவிடுகிறான். தமிழில் அப்படி முடிக்கத் துணிச்சல் வேண்டும். ரெண்டாம் பாகத்துக்கு நான் இன்னும் காத்திருக்கிறேன். நீங்க?